முதல் கையெழுத்து

"வெள்ளைக்காரனை ஆபீசுக்குள்ள விட்டா ஊரு சும்மா இருக்காது, ஆமா!"

வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு போராட்டக் குழுத் தலைவர் வேடியப்பன் கத்திய கத்தலில், தலைச்சோலை பஞ்சாயத்துத் தலைவி சின்னத்தாயி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பெண்களுக்கு ஒதுக்கிய முதல் தேர்தலில் ஜெயித்தவள்.

உள்ளே வந்தது ஆர்தர் துரை. எழுபது வயசு எஸ்டேட்காரர்.

ஊருக்கு இருப்பதோ ஒரே ஊற்று. அதையும் உறிஞ்சி பாட்டிலில் விற்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மோட்டார் போட்டது. லைசென்ஸ் எங்கே என்று கேட்டு இவள் நிறுத்தினாள். இதோ, கலெக்டர் ஆபீஸ் வழியாகக் கம்பெனியிடமிருந்து தடியாக ஒரு இங்கிலீஷ் கடிதம்.

"ஏனுங்க துரை, உங்காளுங்களுக்குத் தூது வந்தீங்களா?" என்றாள் வெடுக்கென்று.

"நான் ஏற்காட்டுல பொறந்தவனுங்க அம்மிணி. லெட்டரைப் படிச்சுச் சொல்லத்தான் வந்தேன்."

அரை மனசாகக் கொடுத்தாள்.

"வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாப்போம்னு நம்ம கவர்மெண்டு ஒரு தீவு நாட்டோட ஒப்பந்தம் போட்டிருக்குதுங்க. மோட்டாரை ஓட விடணும், இல்லாட்டி கவர்மெண்டு நஷ்டஈடு தரணுமாம். ஊருல பாதுகாப்பே இல்லைன்னு ஃபோட்டோ வேற வெச்சிருக்காங்க."

எல்லாம் போன வாரப் போராட்ட ஃபோட்டோ! "பேப்பருல வரும்" என்று சேலத்திலிருந்து கேமராக்காரனைக் கூட்டி வந்ததே வேடியப்பன்தானே?

கடைசிப் பக்கத்தில் துரையின் விரல் நின்றுவிட்டது.

"இதான் முதலாளி கையெழுத்துங்க. அந்தத் தீவுல பேருக்கு ஒரு கம்பெனி பதிஞ்சாப் போதும் அம்மிணி, உள்ளூர்க்காரனும் வெளிநாட்டு முதலாளி ஆயிடலாம்."

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தச் சுழிப்பும், அடியில் ரெண்டு கோடும் நன்றாகத் தெரியும். ஊற்றைக் காப்பாற்றச் சொல்லி ஊரே எழுதிய மனு மேசை மேல்தான் கிடந்தது. அதில் முதல் கையெழுத்து வேடியப்பனுடையது.

அடப்பாவி மனுசா!

ரெண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அந்நியனே!" என்றார் வேடியப்பன்.

"வெளியேறு!" என்றது கூட்டம்.

சின்னத்தாயி மைக்கைப் பிடுங்கி, காகிதங்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஊரே சொல்லுதுங்களே அண்ணா... கிளம்புங்க!"