பீட்டர்பரோ தாண்டிய அக்காள்

லண்டனிலிருந்து யார்க் வரை ஒரே ரயிலில், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் போகிறவளுக்கு எதற்கு இரண்டு டிக்கெட், சொல்லுங்கள் பார்ப்போம்?

பிரிட்டனில் அப்படி ஒரு கூத்து உண்டு. முழுத் தூரத்துக்கும் ஒன்றாய் எடுப்பதைவிட, நடுவில் ஓர் ஊரோடு பிரித்து எடுத்தால் சில நேரம் மலிவு. ரயில் அந்த ஊரில் நின்றால் போதும், நாம் இறங்க வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு கிளம்பிய செண்பகவல்லியும் அப்படித்தான் எடுத்திருந்தாள். பீட்டர்பரோ வரைக்கும் அக்காள் டிக்கெட், அங்கிருந்து யார்க்குக்குத் தங்கை டிக்கெட். இரண்டும் அவள் கைப்பையில் ஒட்டி உட்கார்ந்து வந்தன.

பீட்டர்பரோவில் ரயில் நின்று கிளம்பியதும் அக்காள் பெருமூச்சு விட்டாள். "என் ஊர் போயிருச்சுடி. இனி நான் வெறுங்காகிதம். பால்புட்டிக்கே பையில இடமில்ல. அடுத்து பையைத் திறந்தா நழுவிடுறேன்."

"நல்லா நழுவுவே!" தங்கைக்குப் பகீரென்றது. "'லண்டன்லேருந்து இதே சீட்டுல வர்றியே, அந்தப் பாதிக்கு டிக்கெட் எங்கே'ன்னு பரிசோதகர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பச்சப்புள்ளையை வச்சுக்கிட்டு அவ மறுபடி காசு கட்டணுமா?"

"அப்போ இன்னும் நான் வேணுமா?" என்றாள் அக்காள், நம்பாமல்.

"டிக்கெட், டிக்கெட்" என்று குரல் நெருங்கியது. பை திறந்தது. குழந்தையின் துண்டோடு சேர்ந்து அக்காள் விளிம்புவரை வந்துவிட்டாள். தங்கை தாவி அவளை இறுக்கிக்கொண்டாள்.

"யார்க் வர்ற வரைக்கும் என்னை விட்டுட்டுப் போயிடாதக்கா."