கூடு இருக்கு, தொடாதே

“பெத்த பிள்ளையைவிடக் குருவி பெரிசாப் போச்சாப்பா உங்களுக்கு?”

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, மகள் ஆரம்பித்துவிட்டாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கடுப்பு. போதாததற்குத் தெருமுனையிலேயே பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டு, “உங்கப்பாவுக்கு என்னாச்சும்மா? சாப்பாடுகூட அந்தக் கொட்டகை வாசல்லதான். குருவிக்குக் காவலாம்!” என்று சிரித்திருந்தாள்.

அப்பா தோட்டத்துச் சாமான் கொட்டகையின் கதவை அடைத்தாற்போல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவில் புதுப் பூட்டு. பூட்டுக்கு மேலே ஓர் அட்டை: ‘கூடு இருக்கு. தொடாதே.’

அந்த அட்டை அவர் யோசனை இல்லை. அவள் தம்பியுடையது. லைன்மேனாக இருந்தபோது கம்பத்தில் கூட்டைக் கண்டால் இப்படி ஓர் அட்டையைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவான். குஞ்சு பறக்கும்வரை அந்தக் கம்பத்தை அவனும் தொட மாட்டான், அடுத்தவனையும் தொட விட மாட்டான். ‘குருவி டாக்டர்’ என்று ஆபீஸில் பட்டப்பெயர்.

அதெல்லாம் போன மழைக்கு முன்னால். “லைன்ல கரண்ட் இல்லை, ஏறு” என்று அவன் சொன்னதை நம்பி ஏறிய கூட்டாளி உயிரோடு இறங்கவில்லை. இவன்மேல் தப்பில்லை என்றுதான் விசாரணையில் எழுதினார்கள். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டான். பேச்சையும் விட்டான். ஜன்னலோரக் கட்டிலே கதி.

“நாளைக்குக் காலையில வயரிங் வேலைக்கு அவனை வரச் சொல்லியிருக்காங்க. உங்க மாப்பிள்ளை யார் யார் காலையோ பிடிச்சு வாங்கின வேலை. அவனோட டூல்ஸ் பை உள்ளே இருக்கு. சாவியைக் குடுங்க.”

“கதவைத் திறந்தா கிரீச்சுன்னு கத்தும்மா. தாய்க்குருவி பயந்து கூட்டை விட்டுடும்.”

“அதுக்கு?”

“குஞ்சு பறக்கட்டும். அப்புறம் திறக்கலாம்.”

“நல்லாருக்கே! தொட்டில் கட்டித் தாலாட்டும் பாடுங்க. வீட்டுக்குள்ள ஒருத்தன் உக்காந்து உக்காந்தே உளுத்துப் போறான். அவன்கிட்ட நாலு வார்த்தை பேச உங்களுக்கு நேரமில்லை.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சமையலறையில் அவள் எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. வெங்காயம் நறுக்கக் கத்தி இல்லை. பீன்ஸைக் கையால் ஒடித்து வைத்திருந்தார் அப்பா. துணியைத் துவைத்தால் காயப்போடக் கொடிக்கயிறு இல்லை. பாத்ரூம் கழுவ ஆசிட் பாட்டிலும் இல்லை.

“வயசாகுதில்ல, எங்கே வெச்சேன்னு மறந்துடுது,” என்றார்.

எல்லாம் மறந்துபோகும். குருவி மட்டும் மறக்காது!

பதினோரு மணிக்கு அப்பா எழுந்தார். “குளிச்சிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திரிக்காதம்மா.”

குளியலறைக் கதவின்மேல் அவர் சட்டை தொங்கியது. பையில் சாவி. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கதவு கத்தவில்லை. கீல் முழுக்க எண்ணெய் வழிந்தது.

உள்ளே கூடு இருந்தது. ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுக்குள், புல்லும் நூலுமாக. அதன் வாயை மூடிச் சிலந்தி வலை பின்னியிருந்தது. குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டன.

டப்பாவுக்குக் கீழே, பலகைத் தட்டில், வீட்டில் காணாமல் போனதெல்லாம் இருந்தது. கத்திகள். சுருட்டிய கொடிக்கயிறு. ஆசிட் பாட்டில். கூடவே தம்பியின் பெல்ட், ஷேவிங் பிளேடு, டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை அட்டை.

அதற்குப் பக்கத்தில் நான்காக மடித்த ஒரு தாள். தம்பியின் கையெழுத்து. ‘அப்பா, என்னை மன்னிச்சிடுங்க’ என்று தொடங்கியது. அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை.

“அவன் தலையணைக்கு அடியில இருந்துச்சு.”

பின்னால் அப்பா, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்.

“எடுத்துட்டேன். ஏன்டா இப்படி எழுதினேன்னு கேக்கத்தான் தைரியம் வரல.”

“அதான் பூட்டி வெச்சிருக்கீங்களேப்பா...” அவள் தாளை மறுபடி மடித்து வைத்தாள். “குருவின்னு பொய் எதுக்கு?”

“பூட்டு அவனுக்கு எம்மாத்திரம்? ஒரு தட்டு தட்டினா கையோட வந்துடும். கூடு இருக்குன்னாத்தான் தொட மாட்டான்.”

டூல்ஸ் பையை அவள் தொடவில்லை. கதவைச் சாத்தி, அவளே பூட்டினாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் இருந்தபடியே தம்பி கேட்டான்.

“கூட்டைப் பார்த்தியாக்கா?”

காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை.

“பார்த்தேன்டா. குஞ்சு இன்னும் கண்ணே திறக்கல. பாவம்.”

தம்பி ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். ஈரத் தலையோடு அப்பா மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“குருவிக்குஞ்சு பதினஞ்சு நாள்ல பறந்துடும்கா. அப்பா ரெண்டு மாசமா அங்கே உக்காந்திருக்காரு.”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“வெயில் ஏறுது பாரு. அந்தக் குடையைக் கொண்டுபோய்க் குடு,” என்றான். “எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதக்கா. கூடு இருக்குன்னு நான் நம்பினாத்தான் அவர் கொஞ்சமாவது கண்ணை மூடறாரு.”