எழுந்து போகாத சபை

சில்வண்டுக்கு ஒரே மனக்குறை. "யாரும் என் பாட்டை முழுசா கேக்கறதில்லை. பாதியிலயே எழுந்து போயிடறாங்க."

பக்கத்துக் கிளையில் வலை பின்னிக்கொண்டிருந்த சிலந்தி எட்டிப் பார்த்தது. "என் சித்திரத்தையும் யாரும் நின்னு பார்க்கறதில்லை. நீங்க பாடுங்க, நான் உங்களைச் சுத்தி வரையறேன். அப்புறம் ஒருத்தர்கூட எழுந்து போக மாட்டாங்க."

அன்று மாலையே தொடங்கினார்கள். சிலந்தி சொன்னபடியே ஆயிற்று. ஈசல் வந்தது, விட்டில் வந்தது, வந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. சில்வண்டு கண்ணை மூடிக்கொண்டுதான் பாடும். "சபை எப்படி?" என்று நடுவில் கேட்கும். "அசையாம இருக்காங்க" என்று சிலந்தி எதையோ மென்றுகொண்டே சொல்லும்.

ஒருநாள் சில்வண்டு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டது. பிறகு முன்னைவிட இறுக்கி மூடிக்கொண்டது. பாட்டை நிறுத்தவில்லை.

மழை விட்ட ஒரு மாலை, வலைக்குள்ளிருந்து ஒரு பெண் சில்வண்டின் குரல் கேட்டது. "புல்மேட்டுலேர்ந்து தினமும் கேட்டேன். என்னைத்தானே கூப்பிட்டீங்க? வந்துட்டேன். ஆனா காலை எடுக்க முடியலையே."

பாட்டு நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? பாடுங்க" என்றபடி சிலந்தி இறங்கி வந்தது. "இவங்க கடைசிவரைக்கும் இருந்து கேப்பாங்க."