அரணி நெருப்பு

அரணிக்கட்டையில் வேள்வி நெருப்பு கடைய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலிருந்து கட்டையை அழுத்தவேண்டும், மற்றவர் கயிறு இழுக்கவேண்டும். எழுபத்து நாலில் மணவாள நகர் வெட்டவெளியில் ஞாயிறுதோறும் சடகோபன் அழுத்துவான், நான் இழுப்பேன். இரும்புக் கம்பெனிக்குப் போனவன் கைக்கு அக்னி வராது என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். வரவழைத்துக் காட்டவேண்டும் அவனுக்கு.

“பீடி பத்திக்கக்கூட வரலியே சாமி,” என்பேன்.

“பேசாம இழுடா முனுசாமி.”

கும்மிடிப்பூண்டி உலையில் அவன் செத்த அடுத்த ஞாயிறு, தனியாகப் போய்க் கயிற்றை இழுத்தேன். கட்டை சாயாமல் நின்று சுழன்றது. நெருப்பு வந்தது. கொட்டாங்குச்சியில் ஏந்திப்போய் அவன் அப்பாவிடம் நீட்டினேன்.

“இழுத்தது நீ. அழுத்தினது யாரு?”

கொட்டாங்குச்சியை அவர் காலடியில் வைத்தேன்.

“செத்தவன் தொட்ட அக்னி ஆத்துக்கு ஆகாது. அணைச்சுடு.”