வலது பக்கம்

"அந்தப் பக்கம் வேண்டாம் புள்ள. எனக்கு வலதுபக்கமா வா" என்றான் செல்லமுத்து.

அன்புச்செல்விக்குச் சுருக்கென்றது. அவனுக்கு வலது பக்கம் என்றால் ரோட்டின் நடு. வண்டி ஏதாவது வந்தால் முதலில் அவளைத்தான் தூக்கும். ஊரில் மற்ற ஆம்பிளைகள் பெண்டாட்டியை ஓரமாக விட்டுத் தாங்கள் வெளியே வருவார்கள். இவன் இருபது நாளாக நேர்மாறாகச் செய்கிறான்.

தெருமுனையில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்த மாரி சும்மா விடவில்லை.

"ஏனக்கா, இன்னிக்கு எந்த ஊருக்குச் சவாரி?"

"எந்த ஊருக்கும் இல்ல. சும்மாத்தான்."

"சும்மா போறதுக்கு ரெண்டு சைக்கிளா! உன்னைய லாரிக்காரனுக்குக் காட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போறாரு அண்ணன். சூதானமா இருந்துக்க."

மாரி சிரித்தாள். செல்லமுத்துவும் சேர்ந்து சிரித்துவைத்தான். அன்புச்செல்விக்கு அவனைக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு வருசம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே திரிந்தவன். வருசத்துக்கு ஒரு மாசம் வருவான், போவான். இந்தத் தடவை பெட்டியை இறக்கி வைத்ததும், "இனிப் போகல" என்றான். ஏன் என்று சொல்லவில்லை. மறுநாளே ராசிபுரம் போய் அவளுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி வந்தான். தெருவுக்கே கேட்கிற சத்தத்தில் போனில் ஒரு படம் வைத்துக் காட்டினான். பிரான்சு நாடாம். தலை நரைத்த புருசனும் பெண்டாட்டியும் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே, ஆளுக்கொரு சைக்கிளில், ஆடி அசைந்து போனார்கள்.

"நாமளும் இப்படிப் போலாமா புள்ள?"

முதல் வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விவரம் தெரிந்த நாளாகத் தறி ஓட்டியவள். வேலை ஒன்றும் இல்லாமல் ஒரு ரோட்டில் போவது அவள் பிறவியிலேயே அதுதான் முதல் தடவை. பஸ் போகிற ரோட்டுப் பக்கமே அவன் போகமாட்டான். குச்சிக்கிழங்குக் காடு, சோளக்காடு, ஏரிக்கரை என்று ஈ காக்கை இல்லாத தடமாகப் பார்த்துக் கூட்டிப்போவான்.

ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் வாய் திறக்கமாட்டான். இரண்டு வருசமாகப் போனிலும் இதே கதைதான். "ம், ம், வெக்கறேன்." எவளோ பக்கத்தில் இருக்கிறாள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

நேற்று சோறு போடும்போது கேட்டேவிட்டாள். பக்கத்துப் பட்டறையில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

"உங்களுக்கு அங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ம்" என்றான்.

அவ்வளவுதான். இன்று அவள் சைக்கிள் கேரியரில் இருந்த மஞ்சள் பையில் இரண்டு சேலை இருந்தது. தடம் பஸ் ரோட்டைத் தொடுகிற கைகாட்டி முக்கு வரைக்கும் கூடப் போவாள். அங்கே சைக்கிளை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஓமலூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

ஏரிக்கரை தாண்டியதும் செல்லமுத்து ஆரம்பித்தான்.

"ஏதாச்சும் சொல்லு புள்ள."

"என்னத்தச் சொல்ல?"

"சின்னதுல உங்க ஊட்டு எருமை கெணத்துல உளுந்துச்சே, அதச் சொல்லு."

"அத மூணு தடவ சொல்லியாச்சுங்க."

"இன்னொருக்காச் சொல்லு."

'கதை கேட்க மட்டும் நான் வேண்டும்' என்று நினைத்துக்கொண்டாள்.

கைகாட்டி முக்கு கண்ணில் பட்டது. பின்னால் பால் வண்டி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் சட்டென்று பின்வாங்கி அவனுக்கு இடது பக்கம் போய்ச் சேர்ந்தாள். வண்டி தாண்டிப் போனது. புழுதி அடங்கியது.

"ஏனுங்க, நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன். போகட்டுங்களா?"

அவன் திரும்பவில்லை. சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு நிதானமாக மிதித்தான்.

"உங்களுக்கு நான் வேணுமா வேண்டாமா? அதையாச்சும் சொல்லுங்க!"

அதற்கும் பதில் இல்லை. முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

அவள் பிரேக்கைப் பிடித்து இறங்கி நின்றுவிட்டாள். அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தான். பத்திருபது மிதி போனபின் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. சைக்கிளை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"எப்ப நின்ன? உளுந்துட்டியா? அடி கிடி பட்டுச்சா?"

"அடியெல்லாம் படல. பக்கத்துல வந்துதான கேட்டேன்? ஒரு வார்த்த பதில் சொன்னா என்னங்க?"

செல்லமுத்து அவள் முகத்தையே பார்த்தான். கேரியரில் இருந்த பையைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்து, தனக்கு வலது பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ரிக் வண்டி கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு நின்னு இடது காது செத்து ரெண்டு வருசமாச்சு புள்ள. இந்த வலதும் ஒரு வருசம் தாங்காதுன்னுட்டாரு டாக்டரு. அதுக்குள்ள உன்ற பேச்ச முடிஞ்ச மட்டும் கேட்டு வெச்சுக்கலாம்னுதான் சத்தமில்லாத ரோடாத் தேடறேன்... இப்பச் சொல்லு, என்ன கேட்ட?"

அன்புச்செல்வி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் வலது காதோரம் வாயை வைத்துச் சொன்னாள்:

"எங்க ஊட்டு எருமை கெணத்துல உளுந்துச்சுங்கல்ல..."