பின்கதவுக் கறி

"எலும்பில்லாத கறிதான். எலும்பு கிடந்தா அதுவே சாட்சி சொல்லிடும். சத்தம் போடாம ஒவ்வொருத்தரா வாங்க" என்றார் மாஸ்டர், கேன்டீனின் பின்கதவை ஒருக்களித்துத் திறந்தபடி.

வெளியே அந்த அட்டைப்பெட்டி கம்பெனியின் மொத்த ஆட்களும் கையில் கிண்ணத்தோடு சுவரை ஒட்டி நின்றார்கள். கட்டிங் மெஷின்காரர், பசை ஒட்டுகிறவர்கள், லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்கள் என்று இருபது பேர். பெண்டாட்டிக்கே பயப்படாதவர்கள்கூட இங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

எல்லாம் முதலாளி செய்த வேலை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், வெறும் வாயுத் தொல்லை என்று திரும்பி வந்தவர், வந்த வேகத்தில் கம்பெனியையே திருத்தக் கிளம்பிவிட்டார். கேன்டீனில் இனிமேல் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. முளைகட்டிய பயறும் ஆவியில் வெந்த பூசணியும்தான். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்று சுவரில் போர்டு வேறு. பாதிப் பேருக்கு அத்தனை பல்லே கிடையாது.

அதோடு விட்டாரா? மூன்று மாதம் கழித்து டாக்டர் வந்து எல்லாருக்கும் எடை, பிரஷர், சர்க்கரை பார்ப்பார், ஒன்றும் குறையவில்லை என்றால் கேன்டீனுக்குப் பூட்டு, நீர் வீட்டுக்குப் போகலாம் என்று மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் வேறெங்கே போய் அடுப்பைப் பற்றவைப்பது?

முதல் வாரம் பயறு முழுக்கக் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. ஆட்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த பொரித்த பண்டக் கடையில் போய் விழுந்தார்கள். இரண்டாவது வாரம்தான் மாஸ்டர் பின்கதவைத் திறந்தார். வீட்டிலிருந்து ஆட்டுக்கறி வருகிறது, வெளியே மூச்சு விடக் கூடாது என்று ஒரே ஒருவர் காதில் போட்டார். சாயங்காலத்துக்குள் அது இருபது பேர் காதுக்கும் போய்விட்டது. எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓசியில் கிடைப்பதற்குப் பூர்வீகம் விசாரிக்கிற பழக்கம் அங்கே கிடையாது.

ஆனால் மாஸ்டர் ரொம்பக் கறார். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான். யாராவது எட்டிப் பார்த்தால் தெரியாமல் இருக்க, மேலே கீரையைக் குவித்து மூடிக்கொள்ள வேண்டும். கீரையை மிச்சம் வைத்தால் சந்தேகம் வரும் என்பதால் அதையும் தின்றே ஆக வேண்டும். முடித்ததும் வாசனை போக இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, குடோனை நான்கு சுற்று சுற்றிவிட்டுத்தான் மெஷினுக்குப் போகலாம். பூசணிக்கு முகத்தைத் திருப்பியவர்கள் இதற்கு மட்டும் வாயைத் திறக்காமல் சுற்றினார்கள்.

முதலாளியின் டிரைவர் மட்டும் அங்கேயே ஒரு கிண்ணம் தின்றுவிட்டு, தனியாக ஒரு டப்பாவிலும் வாங்கிக்கொண்டு போவார். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. தின்பதெல்லாம் எங்கேதான் போகிறதோ என்று மற்றவர்களுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு இது பொறுக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, வரிசையை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நேரே மாடிக்கு ஓடினார். பத்தாவது நிமிடம் முதலாளி ரூமிலிருந்து மாஸ்டருக்கு ஆள் வந்தது.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் மேஜை மேல் விரித்துக் கிடந்தது. எடை, பிரஷர், சர்க்கரை எல்லாம் எல்லாருக்கும் இறங்கியிருந்தது. தினமும் கறி தின்றால் இது எப்படி இறங்கும் என்று முதலாளி கேட்டார். இதெல்லாம் பித்தலாட்டம், தின்றவர்கள் பேரை ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறேன், படிக்கட்டுமா என்று சூப்பர்வைசர் பேப்பரைப் பிரித்தார்.

"பேரெல்லாம் எதுக்குய்யா, மடிச்சு வை" என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் கீழே இருக்கிற இருபது பேரும் தோலை உரித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் இன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும். வேலை போச்சு என்று வீட்டில் போய் எந்த முகத்தோடு சொல்வது? உரித்தால் உரிக்கட்டும் என்று வாயைத் திறந்தார்.

"கறியே இல்ல சார். சோயா. சுடுதண்ணில ஊறவச்சு, நல்லாப் பிழிஞ்சு, இஞ்சி பூண்டு மிளகு தட்டிப் போட்டு, ரெண்டே ஸ்பூன் எண்ணெய்ல சுருள வதக்கினது. சோயான்னு சொன்னா ஒருத்தனும் தொட மாட்டான். திருட்டுக் கறின்னு சொன்னேன், சட்டிய வழிச்சு நக்கிட்டுப் போறாங்க."

முதலாளி விழுந்து விழுந்து சிரிப்பார், முதுகில் தட்டிக் கொடுப்பார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். முதலாளியின் முகமோ வெளுத்துப்போயிற்று. ஒரு நாளாவது நிஜக் கறி போட்டது உண்டா என்று கேட்டார். சத்தியமாக ஒரு துண்டுகூட இல்லை என்று மாஸ்டர் தன் தலையில் கை வைத்துச் சொன்னார்.

முதலாளி சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். மாஸ்டரின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப டிரைவர் எனக்குக் கொண்டுவந்து குடுத்ததும் சோயாதானா?"