கேட்காமல் தொடமாட்டேன்

"அது உதயரூபன் எழுதின பகுதி. அவரக் கேட்காம நான் தொட மாட்டன், அண்ணன்."

மேனுகா கணினியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளி கனகசிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார்.

களுவாஞ்சிக்குடி அரிசி ஆலைக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறார்கள். அவர்களுக்காக எழுதிய மென்பொருளோ, நெல்லின் ஈரத்துக்குக் கழிக்க வேண்டிய எடையை இரண்டு தரம் கழித்துக் காட்டுகிறது. கல்லடியில் இருந்த கடையைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு, போர் ஓயும்வரை காத்திருந்து, செங்கலடிச் சந்தியில் கனகசிங்கம் திறந்த அலுவலகம் இது. இந்த வேலை கைநழுவினால் மூட வேண்டியதுதான்.

"பிழை எங்கயெண்டு உனக்குத் தெரியுந்தானே, புள்ள?"

"தெரியும். ஒரு வரி."

"பிறகென்ன? அத மாத்தன்."

"ஒருத்தர்ட பகுதியில மத்தவர் கேட்காமக் கை வைக்கப்படாதெண்டு சட்டம் போட்டது நீங்கதான்."

உண்மைதான். சித்திரையில், உதவி செய்வதாக நினைத்து அவள் எழுதியதை உதயரூபன் திருத்தப்போய், ஒரு பற்றுச்சீட்டும் அச்சாகாமல் போனது. அன்று இருவரும் போட்ட சண்டையைத் தீர்க்கத்தான் அந்தக் கட்டுப்பாடு. அதன் பிறகு அவர்கள் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக் கனகசிங்கம் கண்டதில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தார்.

உதயரூபன் இன்று லீவு. காரணமும் சொல்லவில்லை. அவனுடைய போனும் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. உன்னிச்சையில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய் ஆளைக் கூட்டிவர நேரமில்லை.

"அவனோட கோபமெண்டா அவனோட வெச்சுக்க. என்ட சோத்துல மண்ணப் போடாத."

மேனுகா சிரித்தாள். "பயப்படாதீங்க அண்ணன். கேட்டுட்டு வாறன்."

தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, சம்மதம் கிடைத்துவிட்டது என்று சொல்லி, ஒரு வரியை அழித்தாள். எடை சரியாக வந்தது.

ஆலைக்காரர்கள் வந்தார்கள். தங்கள் ஆலை நெல்லின் எடையைக் கொடுத்துச் சோதித்தார்கள். அடுத்த போகத்திலிருந்தே இதைப் பாவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகுதான் கனகசிங்கத்துக்கு உறைத்தது.

"அவன்ட போன் செத்துக் கிடக்கு. நீ எப்பிடிக் கதைச்ச?"

"என்ட அப்பாட போனுக்கு எடுத்தன்." மேனுகா கணினித் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பாவும் அம்மாவும் காலையிலயே அவர்ட வீட்ட போயிட்டாங்க, எனக்கு மாப்பிள்ளை கேட்டு."